ஓலை வாசிக்க மூன்று ஞாயிறு

கிறிஸ்து இயேசுவுக்குள் அன்பான மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைப் போலத்தான். சித்தி வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்தார்கள். மற்றச் செய்திகளை அம்மாவே போனில் சொல்லியிருப்பாள். என்னோடு பேசும்போது மட்டும் நீ “சரிப்பா, வைக்கட்டுமா” என்று முடித்துவிடுகிறாய் என்பதால் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வைத்துவிட முடியாது அல்லவா.

ஓசூரில் உன் வீட்டுக்குப் பக்கத்தில் ஆலயம் எது, காலை ஆராதனை எத்தனை மணிக்கு என்று முன்பும் கேட்டிருந்தேன், நீ பதில் எழுதவில்லை. பஸ் வசதி உண்டா என்றாவது எழுது. கடைசிப் பெஞ்சானாலும் போய் உட்கார், அது போதும்.

ஈஸ்டருக்குப் பின் நடந்த சபைக் கூட்டத்தில் நீ எழுந்து, சபையார் கூடி உண்ணும் அசன விருந்துக்கு வெங்காயம் உரிக்கவும் பந்தல்கால் ஊன்றவும் கீழத்தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற நாம், சபைக் கமிட்டிக்கு மட்டும் ஏன் அந்தத் தெருவிலிருந்து ஒரு பெயரைக்கூட முன்மொழிவதில்லை என்று கேட்டபோது, பெரியப்பா என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பின்னால் இருந்த ஒருவர், வெளியூரில் இருக்கிறவர்களுக்கு இங்குள்ள நிலைமை தெரியாது என்று முணுமுணுத்தார். நான் தலை குனியவில்லை என்பதை நீ கவனித்தாயோ இல்லையோ. இத்தனை வருடம் அந்தக் கூட்டங்களில் கணக்கு வாசித்ததைக் கேட்டு “சம்மதம்” என்று கை தூக்கியவர்களில் ஒருவரும் கேட்காததை என் மகள் கேட்டாள் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். ஆனால் மறுநாள் விடியற்காலையிலேயே நீ பஸ் ஏறிவிட்டாய். கேள்வி கேட்டவள் பதில் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டாமா? நீ போனதும் அவர்களுக்கு வசதியாகிவிட்டது. உன் கேள்வியை விட்டுவிட்டு நீ பேசிய விதத்தைப் பற்றியே பேசி முடித்தார்கள்.

இது நம் சபையில் நேற்று முளைத்த வியாதி அன்று என்பது உனக்கும் தெரியும். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றுக்கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஏராளமானோர் ஆலயத்தை விட்டு வெளியேறினார்கள். பலர் பிற்பாடு, சாதி விஷயத்தில் அவ்வளவு கண்டிப்புக் காட்டாத லுத்தரன் மிஷனில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, எல்லாரையும் கலந்து உட்காரவைக்க முயன்ற இளம் மிஷனெரிமாரை எதிர்த்து எழுதியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனைகளைப் பாடித்தான் நாம் வளர்ந்தோம், இன்றும் பாடுகிறோம், இனியும் பாடுவேன். அத்தனை பக்தியுள்ள மனிதருக்கும் இந்த ஒன்று விளங்காமல் போயிற்றே என்பதுதான் எனக்குப் பயமாயிருக்கிறது.

வடக்கன்குளத்துக் கோயிலை நீ சிறுமியாய் இருக்கும்போது காட்டியிருக்கிறேன். வேளாளருக்கு ஒரு சிறகு, நாடாருக்கு ஒரு சிறகு, இரண்டும் போய்ச் சேருமிடத்தில் ஒரே பீடம் என்று 1870களில் கட்டினார்கள். கால்சட்டைக் கோயில் என்று ஊரார் கேலி பேசினார்கள். நடுவிலிருந்த சுவரை 1910இல் கௌசானல் அடிகளார் இடித்தார். வழக்குப் போட்டார்கள், ஆலயத்துக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்கும் உரிமையை சென்னை உயர் நீதிமன்றமும் ஏற்கவில்லை. அது கத்தோலிக்கர் கதை என்று நம்மவர்கள் சுலபமாக ஒதுக்குவார்கள். நம் ஆலயத்தில் இடிக்கிறதற்கு ஒரு சுவர்கூட இல்லையே என்பார்கள். சுவர் இல்லாததால்தான் நம்முடையதை இடிப்பது கடினமாயிருக்கிறது என்பேன். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதியில் சேர்க்கப்படாததைக் கண்டித்து நாமும் ஊர்வலம் போகிறோம். எங்களுக்குள்ளும் சாதிக்கொடுமை உண்டு என்று அரசாங்கத்துக்கு மனு கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்கிறோம்.

நீ போனபின் பிரதிஷ்டைப் பண்டிகை அசனம் நடந்தது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனெரிமார், வேறு சாதிக் கிறிஸ்தவன் சமைத்ததை உண்ண மறுக்கிறவனைச் சபையின் அங்கத்தினனாக ஏற்கலாகாது என்று நிலையெடுத்தார்கள் என்பதை வாலிபர் கூட்டத்தில் நீயே ஒருமுறை வாசித்தாய். அது என் மனதிலேயே இருந்தது. இந்தமுறை குழம்புச் சருவத்தின் பக்கத்தில் நின்று கவனித்தேன். துடுப்புப் பிடித்தவர்கள், உப்புப் பார்த்தவர்கள், வாளி தூக்கியவர்கள் எல்லாரும் மேலத்தெரு; தண்ணீர் சுமந்தவர்களும் எச்சில் இலை எடுத்தவர்களும் கீழத்தெரு. ஒருவரும் அப்படிச் சட்டம் போடவில்லை, ஆனாலும் ஒருவருக்கும் இடம் மாறவில்லை. இரண்டாம் பந்தியில் ரசவாளியை நான் ஆர்கன் வாசிக்கிற பையனின் தம்பி கையில் கொடுத்துப் பரிமாறச் சொன்னேன். பெரியவர் ஒருவர் வயிறு சரியில்லை என்று இலையை மடித்துவிட்டார். பிறகு அவரே தூக்குவாளியில் கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதையும் பார்த்தேன். மற்றப்படி பந்தி முழுவதும் சாப்பிட்டது. அந்தத் தம்பி, தன் அண்ணனுக்கும் இப்போது ஓசூரில்தான் வேலை என்று சொன்னான். நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

நீ இங்கே இருந்திருந்தால் பெண்கள் பந்தியிலும் இதைச் செய்திருக்கலாம். யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், ஆலயத்துக்குள் வருகிற ஒருவனை அவன் வஸ்திரத்தைப் பார்த்து எங்கே உட்காரச் சொல்கிறோம் என்பதையே அப்போஸ்தலன் விசுவாசத்துக்குச் சோதனையாக வைக்கிறார். அது பிரசங்கம் கேட்டு மாறுகிற காரியம் அன்று. உட்காரவைக்கிறவர்கள், பரிமாறுகிறவர்கள், கமிட்டிக்குப் பெயர் எழுதுகிறவர்கள் மாறினால்தான் மாறும். தென்னிந்தியத் திருச்சபை 1976இல் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தபோதும், 2013இல் நந்தியாலில் புஷ்பலலிதா அம்மையார் பேராயரானபோதும் இனி எல்லாம் கெட்டது என்றவர்கள், இன்று பெண் குருவானவர் கையிலிருந்தே நற்கருணை வாங்குகிறார்கள். உள்ளே இருந்து வருடக்கணக்காக மன்றாடிய பெண்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆகவே கோபித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடாதே. கடைசிப் பெஞ்சானாலும் போய் உட்கார். உன் பெயருக்கு இந்த வருடச் சங்கக் காணிக்கையை நான் கட்டிவிட்டேன். பாக்கி இருந்தால் சபை வாக்காளர் பட்டியலில் பெயர் வராது. ரசீது இத்துடன் இருக்கிறது. கமிட்டித் தேர்தலுக்கு வந்துவிடு.

இன்னொன்று. நம் கிறிஸ்தவப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தில் வரும் மணமகன், மணமகள் தேவை விளம்பரங்களை நீ சிரித்துக்கொண்டே சத்தமாய் வாசித்துக் காட்டுவாய்: “இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற,” அதற்கு அடுத்து சாதிப் பெயர். அம்மாகூடச் சிரிப்பாள். அசனத்தில் ஒரே பந்தியில் உட்காருகிறவர்களும் அந்தப் பக்கத்துக்கு வந்தால் வேறு வேறு தெருவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பக்கம் மாறாமல் கமிட்டி மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதைப் பொதுவாகத்தான் சொல்கிறேன்.

நம் சேகரத்துக் குருவானவரான ஐயரவர்களிடமும் பொதுவாகத்தான் விசாரித்தேன். திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும், அதாவது இருவர் பெயரையும் ஆராதனையில் அறிவித்துத் தடை உண்டா என்று கேட்க வேண்டும். தடை என்று யாராவது எழுந்தால், அது முந்தைய திருமணமோ நெருங்கிய இரத்த உறவோ வயதுக் குறைவோ போன்ற ஒன்றாக இருக்க வேண்டும். தெரு அதில் இல்லை. நான் இரண்டு முறை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டேன். பதிவு அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த ஆலயத்தில், இந்தச் சபையார் காது கேட்க, இரண்டு பெயரும் சேர்த்து மூன்று முறை வாசிக்கப்படட்டும் என்பது என் ஆசை. பெரியப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

இரண்டு பேருடைய ஞானஸ்நான, திடப்படுத்தல் விவரங்களும் வேண்டுமாம். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் திருமணம் நடத்தமாட்டார்கள், ஆகையால் தேதியைக் கணக்குப் பார்த்து எழுது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா