ஒரு லைட்டர் போதாது, மாப்ள

பாம்பன்,
கார்த்திகை 5

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். வாடை தொடங்கி வடகடல் கலங்கிக் கிடப்பதால் வள்ளத்தைத் தென்கடல் பக்கம் மாற்றிவிட்டோம். அம்மா உன்னை விசாரித்தார்கள்.

டிசம்பர் கடைசியில் இமயமலையில் கேதார்காந்தா சிகரம் ஏறப்போகிறாயாமே. 12,500 அடி, கொட்டும் பனி. எடுத்துப் போகும் சாமானையெல்லாம் எழுதிய நீ, நெருப்புக்கு 'ஒரு லைட்டர்' என்று முடித்துவிட்டாய். எனக்கு மனசு கேட்கவில்லை.

போன மாதம் நடுக்கடலில் எஞ்சின் நின்று, விடிய விடிய மழையில் கிடந்தோம். தீப்பெட்டி மூன்று இருந்தது, மூன்றும் ஒரே பையில். பைக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. குச்சிகளை உள்ளங்கையில் உருட்டி உலர்த்தினோம். ஆனால் பெட்டியின் பக்கவாட்டு மருந்து கூழாகியிருந்தது. அது போனால் குச்சி காய்ந்தும் பயனில்லை. கடைசியில் பெரியவர் ஒருவர் மடியில் பாலிதீனில் முடிந்து வைத்திருந்த லைட்டரை நீட்டினார். என் கட்டைவிரல் மரத்துப்போய் அந்தச் சக்கரத்தைச் சுழற்ற வரவில்லை. கையை அக்குளில் வைத்துச் சூடேற்றி, அஞ்சாறு தடவை முயன்ற பிறகுதான் அடுப்பு பற்றியது. நம்ம கடல் குளிருக்கே இந்தப் பாடு.

லைட்டரில் இருப்பது பியூட்டேன் என்ற எரிவாயு, திரவமாக அடைத்திருக்கும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அது சரியாக ஆவியாகாது. பொறி வரும், சுடர் வராமல் போகலாம். அதனால் அதைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வை. தீப்பெட்டியை இறுக்கமான டப்பாவில் போட்டுப் பைக்குள் வை. ஃபெரோ கம்பி, அதாவது சுரண்டித் தீப்பொறி எடுக்கும் உலோகக் கம்பி, ஒன்று வாங்கி இடுப்பில் கட்டிக்கொள். நனைந்தாலும் துடைத்துச் சுரண்டினால் பொறி பறக்கும், விரல் மரத்திருந்தாலும் கையை முழுசாக இழுத்துச் சுரண்டலாம். கையுறையோடு வீட்டிலேயே பத்து நாள் பழகு.

பொறியைப் பிடிக்க ஏதாவது வேண்டுமே. பஞ்சில் வாசலினைப் பிசைந்து டப்பாவில் அடைத்துக்கொள். பிய்த்துவிட்டுப் பற்றவைத்தால் சில நிமிடம் நின்று எரியும். காய்ந்த பன்னாடை கொஞ்சம் பார்சலில் அனுப்புகிறேன். சூடமும் நல்லதுதான், ஆனால் திறந்து வைத்தால் கரைந்துபோகும்.

விமானத்தில் லைட்டரும் தீப்பெட்டியும் விடமாட்டார்கள். டேராடூனில் இறங்கியதும் முதல் வேலையாக வாங்கு. வழி தவறி மாட்டிக்கொண்டால் மட்டும் மூட்டு, சும்மா காட்டில் தீ வைக்காதே.

ஏறும் முன்னால் ஒரு போன் பண்ணு. எது எந்தப் பையில் இருக்கிறது என்று கேட்பேன்.

அன்புடன்,
உன் மாப்ள