முள்ளைப் பொய் சொல்ல விடுங்கள்

பறத்தல் சிமுலேட்டர் செய்யும் மென்பொருள் குழுக்களுக்கும், அவற்றுக்கான விமானங்களையும் கருவிகளையும் தனியே செய்து விற்கும் அன்பர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் அண்மை வெளியீடுகளில் மழைத்துளி காற்றுக்கேற்ப முன்கண்ணாடியில் வழிகிறது. மேகத்தின் அடிவயிறு மாலை வெயிலில் சிவக்கிறது. இடிமேகத்துக்குள் மின்னல் வெட்டுகிறது. பக்கத்தில் பறக்கும் விமானத்தில், தரையிலுள்ள வானொலி நிலையத்தின் திசையைச் சுட்டும் ஏடிஎஃப் கருவியின் முள் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல நிலையத்தை நோக்கி அசையாமல் நிற்கிறது. நிஜ விமானத்தில் அது நிலையத்தைக் கைவிட்டு மேகத்தின் பக்கம் ஓடியிருக்கும். என்டிபி எனப்படும் அந்த வழிகாட்டி நிலையம் பேசுகிற அதே தாழ், நடுத்தர அலைவரிசைகளில்தான் மின்னலும் கத்துகிறது. அதன் குரல் பெரியது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தே விட்டிருக்கிறீர்கள் என்பதால்தான் இந்த மடல்.

கேட்க வந்தது ஒன்றுதான்: முள்ளைப் பொய் சொல்ல விடுங்கள்.

எல்லாப் பொய்களையும் ஒரே நாளில் கேட்கவில்லை. முதலில் சரிவுப் பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் திரும்பும்போது வளைய ஆண்டெனாவும் உடன் சாய்கிறது. மட்டமாக இருக்கையில் பிடிக்காத அலைக்கூறுகளைச் சாய்ந்ததும் பிடிக்கிறது. ஒலி அற்றுப்போகும் திசை இடம் மாறுகிறது. முள் தாழ்ந்த இறக்கையின் பக்கம் சரிகிறது. இறக்கை மட்டமானதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். பாடநூலில் இரண்டு வரிதான். ஆனால் ஹோல்டிங்கில், அதாவது நிலையத்தருகே நீள்வட்டமாகச் சுற்றிக் காத்திருக்கையில், நிலையத்தை நோக்கி உள்வரும் திருப்பத்தை இதுதான் கெடுக்கிறது.

100 நாட் வேகம், நொடிக்கு 3 பாகைத் திருப்பம் என்று வைத்துக்கொள்வோம். வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு 7 கூட்டினால் 17 பாகைச் சரிவு. இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறார் மாணவர். நிலையம் மூக்குக்கு இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. சிமுலேட்டரில் பழகியவர் முள் உச்சிக்கு வரும்வரை திருப்பத்தை விடமாட்டார். அங்கே முள் எப்போதும் உண்மையே பேசும் என்பதால் அது வேலையும் செய்யும். நிஜ விமானத்தில் முள் ஏற்கெனவே இடப்பக்கம் சரிந்திருக்கிறது. அது உச்சிக்கு வரும்போது மூக்கு நிலையத்தைத் தாண்டிவிட்டது. இறக்கையை மட்டமாக்கியதும் முள் துள்ளி வலப்பக்கம் போய் நிற்கும். பதறி வலப்பக்கம் சரிப்பார். இப்போது தாழ்ந்த இறக்கை வலது, முள் இன்னும் வலப்பக்கம் சரியும். இப்படி இரண்டு முறை துரத்தினால் உள்வரும் ஒரு நிமிடம் முடிந்துவிடும். கீழே நிலையம் கடந்துபோகும். அவர் எந்தத் தடத்தில் வந்தார் என்று அவருக்கே தெரியாது.

சரியான பழக்கம் வேறு. திரும்பத் தொடங்கும் முன்பே எந்த ஹெடிங்கில் (மூக்கு நோக்கும் திசையில்) நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். திருப்பம் முழுவதும் ஹெடிங்கைக் காட்டும் ஜைரோவைப் பார்த்து அந்த ஹெடிங்கில் நிறுத்த வேண்டும். இறக்கையை மட்டமாக்கி, முள் அடங்கும்வரை சில நொடி காத்திருந்து, பிறகுதான் படிக்க வேண்டும். திருப்பத்தின் நடுவில் முள்ளைப் படிப்பதே தவறு. இந்தத் தவறைத்தான் உங்கள் மென்பொருள் நூறு மணி நேரம் உட்காரவைத்துப் பயிற்றுவிக்கிறது. பிறகு பயிற்றுநர் பக்கத்தில் அமர, இஞ்சின் ஓட, எரிபொருள் எரிய, அதை மறக்கவைக்க வேண்டியிருக்கிறது. சிமுலேட்டரே வாங்காமல் வந்த மாணவருக்கு இந்தச் செலவு இல்லை!

செய்வது கடினம் என்று சொல்லிவிடாதீர்கள். சரிவுக்கோணம் உங்கள் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. மூக்கிலிருந்து அளக்கும் நிலையத்தின் சார்புக்கோணமும் இருக்கிறது. முள்ளைத் தாழ்ந்த இறக்கைப் பக்கம் சில பாகை தள்ளுங்கள், சரிவு கூடினால் தள்ளலும் கூடட்டும், மட்டமானதும் மெல்லத் திரும்பட்டும். புல்லின் ஒவ்வோர் இதழுக்கும் நிழல் கணக்கிடும் இயந்திரத்துக்கு இது ஒரு சுமையா?

அடுத்தது, முள்ளின் மௌனம். விஓஆர் என்னும் இன்னொரு வானொலி வழிகாட்டிக் கருவியில் சைகை போனால் எச்சரிக்கைக் கொடி விழும். ஏடிஎஃப்பில் பெரும்பாலும் அப்படி ஒரு கொடியே இல்லை. நிலையம் செத்தால் சில கருவிகளில் முள் கடைசியாகக் காட்டிய இடத்திலேயே உறைந்துவிடும். சிலவற்றில் சும்மா அலையும். சிலவற்றில் 90-இல் போய் ஒதுங்கும். கடைசி வகையைத்தான் உங்களில் பலர் எல்லாக் கருவிக்கும் பொதுவாக்கியிருக்கிறீர்கள். கண்ணுக்கு உடனே பட்டுவிடும் என்பதால் அது பாதுகாப்பானதுபோலத் தோன்றும். வலச்சுற்று ஹோல்டிங்கில் வெளிச்செல்லும் காலில் நிலையம் நேர் பக்கவாட்டில் வருவது எந்தக் கோணத்தில்? அதே 90. அந்தக் கணத்தில்தான் நேரக் கணக்கைத் தொடங்குகிறோம். செத்துப்போன முள் அங்கே உயிருள்ள முள்ளைப்போலவே நடிக்கும். ஆண்டெனா நிலையில் குமிழை வைத்து அடையாள ஒலியைக் கேட்டுவிட்டு, ஏடிஎஃப் நிலைக்குத் திருப்ப மறந்தாலும் பல பெட்டிகளில் இதே கதிதான்.

இதற்கு மருந்து ஒன்றே ஒன்று: காது. என்டிபியை நம்பி இறங்குகிறவர் அதன் மோர்ஸ் அடையாளத்தைக் குறைந்த ஒலியில் இறுதிவரை ஓடவிட்டே இறங்க வேண்டும். ஒலி நின்றால் முள் என்ன காட்டினாலும் அதை விட்டுவிட வேண்டும். சிமுலேட்டரில் இதைப் பழக வழி இருக்கிறதா? முதலில் அந்த ஒலி கேட்பதே சில விமானங்களில் அரிது. கேட்டாலும், நிலையத்திலிருந்து 2 மைலிலும் 40 மைலிலும் ஒரே தெளிவு. இரைச்சல் கிடையாது, பின்னணியில் இன்னொரு நிலையம் முணுமுணுப்பது கிடையாது. பிஎஃப்ஓ பொத்தான் அழகாக அழுந்துகிறது, ஆனால் ஒன்றும் செய்வதில்லை. பண்பேற்றம் இல்லாமல் வெறும் அலையை மட்டும் விட்டுவிட்டு அனுப்பும் நிலையங்களின் அடையாளம் அந்தப் பொத்தானை அழுத்தினால்தான் காதுக்கு எட்டும். பழுதுபார்ப்பில் இருக்கும் நிலையத்தின் அடையாளத்தை நீக்கிவைப்பார்கள்; அலை மட்டும் போய்க்கொண்டிருக்கும், முள்ளும் அதைச் சுட்டிக்கொண்டிருக்கும். இந்த ஒரு கோளாறை உங்கள் கோளாறுப் பட்டியலில் சேருங்கள். இஞ்சின் தீப்பிடிப்பதற்கு எத்தனை விதம் வைத்திருக்கிறீர்கள், அடையாளம் அடங்கிப்போவதற்கு ஒன்று வைக்கக் கூடாதா?

இரவும் கடற்கரையும் பற்றி நீட்டவில்லை. இரவில் வானலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, தரையலையோடு கலந்து முள்ளை அலைக்கழிக்கும். விடியலிலும் அந்தியிலும் மோசம். என்டிபிக்கு வாக்களிக்கப்பட்ட 5 பாகைத் துல்லியம் பகலுக்கு மட்டுமே, அதுவும் அறிவிக்கப்பட்ட எல்லைக்குள். கடற்கரையைச் சாய்வாகக் கடக்கும் அலை கரையின் பக்கம் வளையும். எட்டும் தொலைவை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு வாட் வேண்டும். அமெரிக்க வகைப்பாட்டில் 25 வாட்டுக்குக் குறைவான லொகேட்டர் என்னும் சிறு என்டிபிக்கு 15 கடல் மைல், 50 வாட்டுக்குக் குறைந்ததற்கு 25, 2000 வாட்டும் அதற்கு மேலும் உள்ளதற்கு 75. சிமுலேட்டரில் ஒரு சின்ன லொகேட்டரை 60 மைலில் பிடித்துவிட்டு நேர்க்கோட்டில் போக முடிகிறது என்றால் தரவுத்தளத்தில் அந்த வாட் எண் எதற்கு?

விஓஆரும் பிழைத்துவிடவில்லை. சில வேகங்களில் சுழலும் இறக்கைவிசிறி சைகையில் குறுக்கிட்டு முள்ளை 6 பாகை வரை ஆட்டும்; ஆர்பிஎம்-ஐக் கொஞ்சம் மாற்றினால் அடங்கும். முழு விலகலே 10 பாகைதான் என்னும் கருவியில் இது சிறிய ஆட்டமல்ல. நிலையத்தின் நேர் மேலே முள்ளும், நிலையத்தை நோக்கியா விலகியா என்று சொல்லும் டு, ஃப்ரம் காட்டியும் தடுமாற வேண்டும். உங்கள் கருவியில் அது மின்விளக்கு மாதிரி சட்டென மாறுகிறது. இன்னொன்று மிக முக்கியம்: ரேடியல்கள், அதாவது நிலையத்திலிருந்து விரியும் திசைக்கோடுகள், நிலையத்தை என்றோ சீரமைத்தபோது இருந்த காந்த விலக்கத்தின்படி (உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தின்படி) நிற்பவை. இன்றைய விலக்கத்தை வைத்து அவற்றைப் போட்டால் வரைபடத்தில் உள்ள வான்வழியும் உங்கள் ரேடியலும் சில பாகை பிரியும். 60 மைலில் ஒரு பாகை என்பது ஒரு மைல்.

ஜைரோ நகர்வு வேறு. ஹெடிங்கோடு சார்புக்கோணத்தைக் கூட்டினால்தான் நிலையத்தின் திசைக்கோணம். ஜைரோ 10 பாகை நகர்ந்திருந்தால் விடையும் 10 பாகை தவறு. அதனால்தான் 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை திசைகாட்டியைப் பார்த்துத் திருத்துகிறோம். உங்கள் அமைப்புகளில் அந்த நகர்வு எங்கோ மூன்றாம் பக்கத்தில், அணைத்துவைத்த நிலையில் கிடக்கிறது.

என்டிபியெல்லாம் போகப்போகிறது, இனி எதற்கு இந்த அக்கறை என்று கேட்பீர்கள். போகிறதுதான். அதில் நீங்கள் காட்டும் சுறுசுறுப்பை மெச்ச வேண்டும். 28 நாளுக்கு ஒருமுறை வரும் தரவுச் சுழற்சியில், மூடப்பட்ட நிலையத்தை ஒரு நாளும் பிந்தாமல் நீக்குகிறீர்கள். இருந்த காலத்தில் அது எப்படி நடந்துகொண்டது என்பதைத்தான் இத்தனை வருடமாகச் சேர்க்க நேரமில்லை. விமானத்துக்கு இன்னொரு வண்ணம் பூச நேரம் இருக்கிறது. விமானியறையில் காப்பிக் கோப்பை வைக்க நேரம் இருக்கிறது. அதில் ஆவிகூட வருகிறது. ஊதா நிற ஜிபிஎஸ் கோடு ஒன்றைத் திரையில் வரைந்து கொடுத்துவிட்டால் வழிகாட்டல் முடிந்தது என்ற எண்ணம் உங்கள் எல்லாக் கருவிகளிலும் தெரிகிறது. ஜிபிஎஸ் செயலிழந்தால் உதவட்டும் என்று அமெரிக்காவில் விஓஆர்களை முழுக்க மூடாமல் ஒரு குறைந்தபட்ச வலைப்பின்னலை வைத்திருக்கிறார்கள். அந்த நாள் வந்தால் முள்ளைப் படிக்கத் தெரிந்த கை வேண்டாமா?

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் சிலர், குறிப்பாகச் சிறு குழுவாக ஒரே ஒரு பழைய விமானத்தைப் பல மாதம் செதுக்குகிறவர்கள், இவற்றில் சிலவற்றைச் செய்திருக்கிறீர்கள். அவர்களுக்கு இந்த மடல் பொருந்தாது. விளையாட்டாகப் பறப்பவர்களைத் தொந்தரவு செய்யவும் சொல்லவில்லை. ஒரு தேர்வுப்பெட்டி போதும்; வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும், வேண்டாதவர்களின் முள் என்றும்போல் அரிச்சந்திரனாகவே இருக்கட்டும். கற்க வருகிறவர்களுக்காக மட்டும், தயவுசெய்து, முள்ளைப் பொய் சொல்ல விடுங்கள்.

செய்து முடித்ததும் சரிபார்க்க எளிய வழி ஒன்று. காற்றை நிறுத்துங்கள். 3000 அடி, 100 நாட். மூக்குக்கு 30 பாகை இடப்பக்கம், 15 மைலில் ஒரு என்டிபி. நொடிக்கு 3 பாகை வீதம் இடப்பக்கம் திருப்பி, சரிவு நிலைத்ததும் சிமுலேட்டரைப் பாதியில் நிறுத்துங்கள். உண்மையான சார்புக்கோணத்தைக் கணக்கிட்டு முள்ளோடு ஒப்பிடுங்கள். இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போனால், அதை ஒரு பிழையாகப் பதிவு செய்து எங்களுக்குத் திருத்தித் தாருங்கள்.

இப்படிக்கு,
கருவிப் பறத்தல் கற்பிப்பவர்கள், கற்பவர்கள் சார்பில் ஒருவன்