அழகல்ல, எச்சரிக்கை

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் ஓடில்லாக் கடல் நத்தைகள் பற்றி வெளியான கட்டுரை, அவற்றின் நிறங்களை வியந்ததோடு நின்றுவிட்டது. நிறத்துக்கான காரணத்துக்கு, 'நூடிபிராங்க்' என்ற அவற்றின் ஆங்கிலப் பெயரே துப்புக் கொடுக்கிறது. லத்தீன் மொழியில் 'நூடஸ்' என்றால் மூடாதது. கிரேக்கத்தில் 'பிராங்கியா' என்றால் செவுள். இளம்பருவத்தில் இருக்கும் ஓட்டினை உதிர்த்துவிட்டு, பல இனங்கள் செவுளையும் வெளியே காட்டிக்கொண்டு திரிகின்றன. ஓடு இருந்த இடத்தை நஞ்சு பிடித்துக்கொள்கிறது. பல இனங்கள் கடற்பஞ்சுகளைத் தின்று அவற்றின் நச்சைத் தம் தோலில் சேர்க்கின்றன. வேறு சில, பூப்போன்ற கடல் விலங்குகளான கடற்சாமந்திகளின் கொட்டும் உறுப்புகளை, அவை வெடித்துக் கொட்டிவிடாமல் விழுங்கி, தம் முதுகு நீட்சிகளின் நுனியில் பதுக்கி வைக்கின்றன. சுத்தமான திருட்டு ஆயுதம்! பளிச்சென்ற மஞ்சளும் ஊதாவும் பெரும்பாலும் மீன்களுக்கு விடப்படும் எச்சரிக்கைதான்.

கடல் வற்றிய நேரத்தில் பாறைக்குட்டை ஒன்றில் இவ்வுயிரைப் பார்த்திருக்கிறேன். முதுகின் பின்பகுதியில் பூப்போல் விரிந்திருந்த செவுள், நீரைச் சற்றே அசைத்ததும் சட்டென உள்ளே போய்விட்டது. உடன் வந்தவர் அதைக் கையில் எடுத்தபோதோ வெறும் சளிக்கட்டியாகச் சுருண்டது. தாங்கள் வெளியிட்ட படமும் உள்ளங்கையில் வைத்து எடுக்கப்பட்டதே. இனி நீருக்குள் எடுத்த படங்களையே வெளியிட்டு, நீரிலிருந்து எடுக்க வேண்டாம் என்ற குறிப்பையும் படத்தின் கீழே சேர்க்கலாம்.

– வாசகர் ஒருவர்