வாக்குகளை எண்ணினால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரின் அதிபர் நயீப் புகேலே பற்றிய கட்டுரை படித்தேன். மக்கள் அள்ளி அள்ளி ஓட்டுப் போட்ட ஒருவரைச் சர்வாதிகாரி என்று சொல்வது நியாயமா என்பது கட்டுரையாளரின் ஆதங்கம்.

ஓட்டு மீது எனக்குச் சந்தேகம் இல்லை. ரவுடிக் கும்பல்களுக்கு மாமூல் அழுதே நொந்துபோன கடைக்காரர் அவரைக் கும்பிடத்தான் செய்வார். கொலைகள் வெகுவாகக் குறைந்ததும் உண்மை. ஓட்டு வாங்கிய கை அதன் பிறகு என்ன செய்தது என்பதுதான் என் கேள்வி.

2020 பிப்ரவரியில், ஒரு கடனுக்கு ஒப்புதல் கேட்டு, ஆயுதம் தாங்கிய ராணுவத்தினரோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். 2021 மே 1-ல் புதிய சபை கூடிய முதல் நாளே, அவருடைய கட்சியினர் அரசியல் சாசன அமர்வின் 5 நீதிபதிகளையும் அட்டர்னி ஜெனரலையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். தொடர்ந்து இரண்டாவது முறை அதிபராவதற்கு இருந்த தடையை, புதிதாக வந்த நீதிபதிகள் சில மாதங்களிலேயே விலக்கிக் கொடுத்தார்கள். 2025 ஜூலையில் சாசனமே மாறிவிட்டது: எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டியிடலாம். பதவிக்காலமும் 5 ஆண்டிலிருந்து 6 ஆண்டு.

(ட்விட்டரில் தன்னை 'உலகிலேயே கூலான சர்வாதிகாரி' என்று கேலியாகப் போட்டுக்கொண்டவர் அவரேதான்!)

ரவுடிக் கும்பல்களை ஒடுக்க 30 நாளுக்கென்று 2022 மார்ச்சில் வந்த அவசரநிலை மாதாமாதம் நீட்டிக்கப்பட்டு, 80,000-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். தவறாகப் பிடித்ததாக ஆயிரக்கணக்கானோரை அரசே பிறகு விடுவித்தது. அந்தக் கடைக்காரரின் மகனையே நாளை தவறுதலாகப் பிடித்துப் போனால், அவர் எந்த நீதிபதியிடம் போய் நிற்பார்? கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்