துவக்குக்குக் காரணம் கேட்பதைக் கைவிடலாகாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான விதிகளை அமெரிக்க மாநிலங்கள் பல தளர்த்தியிருப்பதைக் காட்டி, இலங்கையிலும் தற்பாதுகாப்புக்கு ஆயுதம் பெறுவதை இலகுவாக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

நியூயோர்க் மாநிலத்தில் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு வெளியே நடமாட விரும்புகிறவர் அதற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும் என்ற விதி 1913 முதல் இருந்தது. 2022 ஜூன் மாதம் அந்நாட்டு அதியுயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களில் ஆறு பேர் அவ்விதி அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தனர். மாநில அரசு உடனடியாக வேறொரு சட்டத்தைக் கொண்டுவந்து, 16 மணிநேர வகுப்பையும் 2 மணிநேரச் சுடும் பயிற்சியையும் கட்டாயமாக்கியதோடு, பாடசாலை, சுரங்க ரயில், டைம்ஸ் சதுக்கம் போன்ற இடங்களுக்குத் துப்பாக்கி கொண்டுபோவதையும் தடுத்தது. டெக்சாஸிலோ 2021 செப்டெம்பர் முதல், 21 வயது நிரம்பி, சட்டத்தால் தடுக்கப்படாத எவருக்கும் அனுமதிப்பத்திரமே தேவையில்லை. ஆயுதம் வைத்திருப்பதை அவர்களுடைய அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் உரிமையாகவே சொல்கிறது. நமக்கு அப்படியோர் உரிமை இல்லை, அதற்காக நான் கவலைப்படவும் இல்லை. நமது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் எவ்வளவு பழையதானாலும், அனுமதியில்லாமல் எவரும் துவக்கு வைத்திருக்கக் கூடாது என்ற அதன் அடிப்படை இன்றைக்கும் சரியானதே.

2024 இறுதியில் தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளைப் பாதுகாப்பு அமைச்சு தற்காலிகமாகத் திருப்பிக் கேட்டது. அவற்றை மீளக் கொடுக்கும்போது, ஒவ்வொருவரும் என்ன அச்சுறுத்தலைக் காட்டினார் என்பதை அதிகாரிகள் மெய்யாகவே விசாரிக்க வேண்டும். ஆயுதம் தாங்கியவர்களைக் கண்டு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பல வருடங்கள் வாழ்ந்த எமது மாவட்டத்தில், யார் இடுப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சந்தைக்குப் போகும் நிலை மறுபடியும் வரவேண்டியதில்லை.

பயிர்ப் பாதுகாப்புக்குக் கேட்கப்படும் துவக்கின் கதை வேறு. பன்றி ஓர் இரவில் வரம்போரமாக உழுதுபோட்ட வயலைப் பார்த்தவருக்கு அந்தக் காரணத்தை விளக்கத் தேவையில்லை. அப்படியிருந்தும் கிராம உத்தியோகத்தர், பொலிஸ், பிரதேச செயலகம், கச்சேரி (மாவட்டச் செயலகம்) என்று அலைந்து, கிடைத்த அனுமதியையும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியிருப்பதால் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. அவர்களில் சிலர் நாடுவது கட்டுத்துவக்கை: மரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கட்டி, பாதைக்குக் குறுக்கே கம்பி இழுத்துவிட்டால், அதில் தட்டுவது பன்றியா, மாடு தேடிப் போனவரா, விறகுக்குப் போன பெண்ணா என்று அது பார்ப்பதில்லை.

ஆகவே சட்டத்தைத் திருத்துவதானால் இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். கைத்துப்பாக்கிக்கு இப்போதுள்ளதைவிடக் கடுமையான விசாரணையும் கட்டாயப் பயிற்சியும் வேண்டும். வயற்காரனின் துவக்குக்கு மூன்று வருட அனுமதி கொடுத்து, பெரும்போக விதைப்புக்கு முன்னர் பிரதேச செயலகத்திலேயே ஒரே நாளில் ஆவணங்களையும் துவக்கையும் பரிசோதித்து முடிக்கலாம். கட்டுத்துவக்கு செய்து விற்பவர்களை, அதை வாங்கிக் கட்டியவர்களுக்கு முன்னதாகவே பிடிக்க வேண்டும்.

இங்ஙனம்,
படுவான்கரை விவசாயி ஒருவர்,
மட்டக்களப்பு.