நம் ஊர் ரிஷபவாகனரை நம் பிள்ளைகள் நேரில் பார்க்க: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

திருவெண்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில், அரசுப் பள்ளிகளின் 8, 9-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 150 பேரைத் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போக ஏற்பாடு செய்து வருகிறோம். பொங்கல் கழிந்து வரும் முதல் சனிக்கிழமை பயணம். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

சுற்றுலா என்றால் எங்கு வேண்டுமானாலும் போகலாமே, ஏன் தஞ்சாவூர் அரண்மனை என்று சிலர் கேட்டார்கள். 1951-இல் திருவெண்காட்டுக் கோயில் வளாகத்தில் மண்ணுக்கடியிலிருந்து சோழர் காலச் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. ஆபத்துக் காலத்தில் யாரோ பத்திரமாகப் புதைத்து வைத்துவிட்டுப் போனவை. புதையல் சட்டப்படி அவை அரசிடம் சேர்ந்தன. பாதி சிவனும் பாதி தேவியுமான அர்த்தநாரி சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனார். காளையைத் துணையாகக் கொண்ட சிவனான ரிஷபவாகனரும் அவருடைய தேவியும், மணக்கோலச் சிவனான கல்யாணசுந்தரரும், பிச்சை ஏற்கும் கோலத்துச் சிவனான பிட்சாடனரும் தஞ்சை அரண்மனைக்குப் போனார்கள். வெளிநாட்டுக் கலை நூல்களில்கூட 'திருவெண்காடு' என்று நம் ஊர்ப் பெயர் போட்டுத்தான் இவர்களின் படம் அச்சாகிறது. இங்கே நம் பள்ளிகளில் விசாரித்தால், நேரில் பார்த்ததாகக் கை தூக்கிய பிள்ளைகள் மிகக் குறைவு. பல பெற்றோரும் பார்த்ததில்லை. இத்தனைக்கும் தூரம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்தான். இது எங்களுக்குப் பெரிய மனக்குறை.

ரிஷபவாகனரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராஜராஜனின் 26-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1011-இல், எழுந்தருளுவிக்கப்பட்டவர் என்று கல்வெட்டிலிருந்து தெரிகிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கலசம் வைத்ததற்கு அடுத்த ஆண்டு. தேவி அதற்கு அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தார். உயரம் மூன்றரை அடிதான் இருக்கும். பாம்புகள் நெளியும் சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டியிருக்கிறார். ஒரு காலை ஊன்றி, மற்றதைக் குறுக்கே சாய்த்து, உடம்பை லேசாக ஒருபக்கம் ஒடித்து நிற்கிறார். ஒரு கை மடங்கி வெறும் காற்றில் ஊன்றியிருக்கும். அந்தக் கைக்குக் கீழே காளை இருந்திருக்க வேண்டும். காளை கிடைக்கவில்லை. அது எவ்வளவு உயரம் இருந்திருக்கும், எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கும் என்பதையெல்லாம் அந்தக் கையின் வளைவை வைத்துப் பிள்ளைகளே யோசித்து வரையட்டும் என்பது எங்கள் ஆசை. ஆளுக்கொரு படம் வரையும் நோட்டும் பென்சிலும் கொடுக்கப் போகிறோம்.

"சாமியைக் கண்காட்சியில் போய்ப் பார்ப்பதா?" என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் நியாயமானது. அதை நாங்கள் தள்ளிவிடவில்லை. கும்பிட நினைக்கும் பிள்ளை கும்பிடட்டும். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. திருவிழாவில் சுவாமி புறப்பாடாகும்போது பட்டும் மாலையும் மூடியிருக்க, திருமுகமும் கையும்தான் நமக்குத் தெரியும். அரண்மனை மண்டபத்தில் அலங்காரம் இல்லை. இடுப்பு மடிப்பு, பூணூலின் ஓட்டம், விரல் நுனி என்று ஸ்தபதியின் வேலை முழுசாகக் கண்ணுக்குக் கிடைக்கிறது. கல்யாணசுந்தரருக்குக் கை கொடுத்து நிற்கும் பார்வதியின் தலை வெட்கத்தில் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் தெரியும். கைபேசிப் படத்தில் அது வராது.

அந்தக் கட்டடமே ஒரு பாடம். நாயக்கர்கள் தொடங்கிய அரண்மனையைப் பிறகு மராட்டியர் விரித்துக் கட்டினார்கள். 1855-இல் ஆண் வாரிசு இல்லை என்று காரணம் சொல்லி ஆங்கிலேயர் அரசை எடுத்துக்கொண்ட பின், கவனிப்பார் இல்லாமல் கிடந்த இடம். 1951-இல் கலைக்கூடம் தொடங்கியது. கும்பகோணத்துக்குப் பக்கத்துத் தாராசுரம் கோயிலின் கற்சிற்பங்கள் வெளியே போய்விடாமல் தஞ்சை மண்ணிலேயே இருக்க வேண்டும் என்ற அக்கறையும் அதற்கு ஒரு காரணம். யானைத் தோலை உரித்துப் போர்த்தி ஆடும் கஜசம்ஹாரரை அங்கே பார்க்கலாம். பயந்து ஒதுங்கி நிற்கும் தேவியையும் மறக்காமல் காட்ட வேண்டும். நாயக்கர் தர்பார் மண்டபத்தில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி சலவைக்கல்லில் கைகூப்பி நிற்கிறார். லண்டன் சிற்பி சாண்ட்ரி செய்தது. சரஸ்வதி மகால் நூலகம் பக்கத்திலேயே. அரண்மனையில் இருக்கும் திமிங்கல எலும்புக்கூட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பிள்ளைகள் அங்கிருந்து நகரமாட்டார்கள்.

வழியில் சுவாமிமலையில் ஒரு வார்ப்புப் பட்டறையில் இறங்குகிறோம். மெழுகில் உருவம் பிடித்து, மேலே காவிரி வண்டல் மண் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வடியவிட்டு, அந்த இடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். பிறகு மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆக ஒரு அச்சுக்கு ஒரே சிலை. இதைக் கண்ணால் பார்த்துவிட்டு அரண்மனைக்குள் போகும் பிள்ளையின் பார்வை வேறாகத்தான் இருக்கும். திரும்பும்போது நேரம் இருந்தால் தாராசுரம்.

இனி கணக்கு. மூன்று பேருந்துகளுக்கு வாடகை 54,000 ரூபாய். ஆசிரியர்கள், துணைக்கு வருபவர்கள் உட்பட காலை, மதிய உணவுக்கு 29,000. நுழைவுக் கட்டணம், படம் வரையும் நோட்டு, முதலுதவி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 13,000. மொத்தம் 96,000. குழு உறுப்பினர்களும் கடைத்தெரு அன்பர்களும் கொடுத்து இதுவரை 31,000 சேர்ந்திருக்கிறது. இன்னும் 65,000 தேவை. ஒரு பிள்ளைக்கான முழுச் செலவு 640 ரூபாய். முடிந்தவர்கள் ஒரு பிள்ளையையாவது ஏற்றுக்கொள்ளுங்கள். நூறு ரூபாயும் எங்களுக்கு நன்கொடைதான்.

பிள்ளைகளிடம் ஒரு பைசாகூட வாங்கப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பணம் கட்டச் சொன்னால் யார் யார் "வயித்து வலி சார், வரல" என்பார்கள் என்று ஒவ்வொரு வகுப்பாசிரியருக்கும் தெரியும். கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைகளும் நடவு, களையெடுப்புக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைகளும்தான் இங்கே அதிகம். இவர்களை விட்டுவிட்டுப் போகும் பயணம் எங்களுக்கு வேண்டாம்.

பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. அரிசி, காய்கறி, எண்ணெய் கொடுக்கலாம். முந்தின இரவு சமையலுக்கு ஆள் வேண்டும். வரலாறு நன்றாகச் சொல்லத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் யாராவது கூட வந்தால் பெரிய உதவி. பேருந்துக்கு ஒருவர் என்று மூன்று பேர் தேவை. பெண் பிள்ளைகள் பாதிக்கு மேல் இருப்பதால் தாய்மார்களும் சிலர் கட்டாயம் வர வேண்டும்.

சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் பழைய மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் படித்தபோது இப்படி யாரும் அழைத்துப் போகவில்லை. இந்தப் பிள்ளைகளுக்காவது அது வாய்க்கட்டும் தம்பி, தங்கைகளே.

நன்கொடையைப் பள்ளி அலுவலகத்திலோ குழுவின் பொருளாளரிடமோ கொடுத்து ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். மார்கழி முடிவதற்குள் கிடைத்தால் பேருந்துக்கு முன்பணம் கட்ட வசதியாக இருக்கும். பயணம் முடிந்த ஒரு வாரத்துக்குள் வரவு செலவு முழுவதும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். மீதி வந்தால் அடுத்த ஆண்டு 8-ஆம் வகுப்புக்கு எடுத்துவைப்போம்.

இப்படிக்கு,
கல்விப் பயண ஏற்பாட்டுக் குழுவினர்,
பள்ளி மேலாண்மைக் குழு மற்றும் முன்னாள் மாணவர்கள் சார்பாக