கியர்பாக்ஸ்ல இல்லாத பழுதுக்கு கியர்பாக்ஸ இறக்கி பில் போட்டது சம்பந்தமா புகார்

கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம் சார். உங்க கம்பெனியோட மதுரை சர்வீஸ் சென்டர்ல என்னோட பழைய டீசல் ஜீப்ப விட்டேன். ஃபோர் வீல் டிரைவ் வண்டி, அப்பா காலத்துலருந்து எங்க வீட்டுல ஓடுது. கியர்பாக்ஸ் போச்சுன்னு சொல்லி இறக்கி, பிரிச்சு, 46,800 ரூபா பில் போட்டாங்க. காச கட்டி வண்டிய எடுத்துட்டு பாலமேடு ரோட்டுல வர்றேன், எந்த சத்தத்துக்காக விட்டேனோ அதே சத்தம் அப்படியே இருக்கு. பில், ஜாப் கார்டு ரெண்டோட காப்பியும் இதோட வச்சிருக்கேன்.

வண்டிய விடும்போதே ரெண்டு விஷயம் தெளிவா சொன்னேன். ஓடும்போது அடியிலருந்து ஊய்ங்னு ஒரு சத்தம் வருது, ஸ்பீடு ஏற ஏற அதுவும் ஏறுது. அப்புறம் ஹேண்ட் பிரேக் நிக்கல, பின்னாடி ட்ரம்முல ஆயில் கசியுது. இந்த மாடல்ல ஹேண்ட் பிரேக் ட்ரம்மு சக்கரத்துல கிடையாது, ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு (கியர்பாக்ஸ்லருந்து வர்ற சக்திய முன், பின் சக்கரத்துக்கு பிரிச்சு குடுக்குற பெட்டி) பின்னாடி, சக்கரத்துக்கு சக்திய கொண்டு போற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் ஆரம்பிக்குற இடத்துலதான் இருக்கு. அங்க ஆயில் வந்தா ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பின் ஆயில் சீல் போயிருக்குன்னு அர்த்தம், உள்ள ஆயில் குறைஞ்சிருக்கும், ஆயில் குறைஞ்சா பேரிங் கத்தும். ரெண்டு கம்ப்ளைன்டும் ஒரே இடத்துலருந்து வருது சார். உங்க ஆளுங்க அத ரெண்டு தனித்தனி வேலையா எழுதி, ட்ரம்முக்கு புது லைனிங் (பிரேக் புடிக்கிற பட்டை) அடிச்சாங்க, சீல மாத்தல, சத்தத்துக்கு கியர்பாக்ஸ இறக்கிட்டாங்க.

இறக்குறதுக்கு முன்னாடி ஸ்பேனரே தொடாம பாத்திருக்கலாம். நின்ன இடத்துல நியூட்ரல்ல கத்தி, கிளட்ச்ச மிதிச்சதும் நின்னா இன்புட் ஷாஃப்ட் (இன்ஜின் சக்தி கியர்பாக்ஸுக்குள்ள வர்ற தண்டு) பேரிங்க சந்தேகப்படலாம், மிதிச்சாதான் சத்தம் ஆரம்பிக்குதுன்னா கிளட்ச் ரிலீஸ் பேரிங். மொத மூணு கியர்ல கத்தி நாலுல அடங்குச்சுன்னா லே ஷாஃப்ட் (கியர்பாக்ஸ்ல பக்கத்துல ஓடுற துணைத் தண்டு) பேரிங், ஏன்னா நாலாவது டைரக்ட் கியர், சக்தி நேரா போயிரும், லோடு லே ஷாஃப்ட் வழியா போகாது. கியர் தானா கழண்டு வந்தா செலக்டர் ஃபோர்க்கு, ஸ்பிரிங்கு, பால் பாக்கணும், ரெண்டாவதுக்கு இறக்கும்போது கரகரன்னு அரைச்சா சிங்க்ரோ ரிங்கு (கியர் மாத்தும்போது வேகத்த ஒண்ணாக்குற வளையம்). என் வண்டியில இதுல ஒண்ணுகூட இல்ல. ஐடில்ல சத்தமே கிடையாது, ஓடும்போது நாலு கியர்லயும் சத்தம் இருந்துச்சு, ஓட்டத்துலயே நியூட்ரல் போட்டு கிளட்ச்சயும் மிதிச்சு உருள விட்டாலும் சத்தம் நிக்கல. இத உங்க சூப்பர்வைசர்கிட்ட வாயால சொன்னேன், அவர் ஜாப் கார்டுல "கியர்பாக்ஸ் சவுண்டு"ன்னு மட்டும் எழுதிட்டாரு.

கியர்பாக்ஸ்லருந்து சக்திய வெளிய குடுக்குற மெயின் ஷாஃப்டோட பின் பேரிங்கா இருக்குமோன்னு சந்தேகம் வரலாம், அது நியாயம்தான். அதுக்கும் வழி இருக்கு. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் லீவர நியூட்ரல்ல தள்ளிட்டு, நிறுத்தின இடத்துலயே ஒவ்வொரு கியரா போட்டு ஆக்சிலேட்டர் குடுத்தா மெயின் ஷாஃப்ட் சுத்தும், வண்டி நகராது, ப்ரொப்பல்லர் ஷாஃப்டும் டிஃபரன்ஷியலும் (சக்கரங்கள வேற வேற வேகத்துல சுத்த விடுற பல் பெட்டி) சுத்தாது. அப்படி செஞ்சு பாத்தப்ப என் வண்டி நாலு கியர்லயும் சத்தமில்லாம இருந்துச்சு.

ஜாப் கார்டுல "ஆயில் லெவல் ஓகே"ன்னு டிக் வேற இருக்கு. கியர்பாக்ஸ் ப்ளக்க மட்டும் கழட்டி பாத்திருப்பாங்க போல, ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு தனி லெவல் ப்ளக் இருக்கு சார். வீட்டுக்கு வந்து அத கழட்டி விரல விட்டேன், ஆயில் படவே இல்ல. அடி ப்ளக்க தொறந்தா கொஞ்சமா கருப்பா வடிஞ்சுச்சு, அதுல இரும்புத் துணுக்கு மின்னுது. அப்புறம் வேற ஒரு பட்டறையில ட்ரான்ஸ்ஃபர் கேஸ மட்டும் பிரிச்சோம், உள்ள ஷாஃப்டும் அதோட பேரிங்கும் குழி குழியா அரிச்சு கெடந்துச்சு. அதயும் பின் சீலயும் மாத்தி 90 நம்பர் கியர் ஆயில் ஊத்துனதும் சத்தம் போச்சு. நீங்க அடிச்ச புது லைனிங் அதுக்குள்ள ஆயில்ல ஊறி வீணாப் போயிருந்துச்சு.

இதுல என்னால பொறுத்துக்கவே முடியாதது உங்க டெஸ்ட் டிரைவ். டெலிவரி அன்னைக்கு உங்க சென்டர்ல வேலை பாக்குற தம்பி ஒருத்தர் ஃபோர் வீல் லீவர போட்டபடியே ரிங் ரோட்டுல ஓட்டிட்டு வந்து நிறுத்துறாரு, லீவர் இறுகிப்போய் வரவே இல்ல, ரிவர்ஸ்ல கொஞ்சம் உருட்டுனதுக்கு அப்புறம்தான் விட்டுச்சு. முன்னாடிக்கும் பின்னாடிக்கும் நடுவுல டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி இது, திரும்பும்போது முன் சக்கரம் ஓடுற தூரம் வேற, பின் சக்கரம் ஓடுற தூரம் வேற. மண்ணுலயும் சகதியிலயும் டயர் வழுக்கி சமாளிச்சுக்கும், தார் ரோட்டுல அதுக்கு வழியில்லாம அந்த முறுக்கு ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பல்லுலயும் ஏறும். அதுவும் ஆயிலே இல்லாத ட்ரான்ஸ்ஃபர் கேஸ்! ஃபோர் வீல் வண்டிய வேலைக்கு எடுக்குற எடத்துல இது தெரியாம இருக்கலாமா சார்?

எங்க தோப்பு சிறுமலை அடிவாரத்துல இருக்கு. மாங்கா சீசன்ல ஏத்தத்துல வண்டிய நிறுத்தித்தான் கூடை ஏத்துவோம், பொம்பளையாளுங்க வண்டிக்கு பின்னாடி நிப்பாங்க. ஆயில்ல ஊறுன ஹேண்ட் பிரேக்கோட வண்டிய "ஓகே"ன்னு எழுதி குடுத்திருக்கீங்க, நான் அத நம்பி அங்க நிறுத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்.

கியர்பாக்ஸ் இறக்கி ஏத்துன கூலி, சிங்க்ரோ ரிங்கு, பேரிங், ஹேண்ட் பிரேக் லைனிங் இதுக்கு வாங்குன பணம் எனக்கு திரும்ப வரணும். கழட்டுன பழைய பார்ட்ஸ கேட்டதுக்கு ஸ்கிராப்புக்கு போயிருச்சுன்னாங்க, என் வண்டி பார்ட்ஸ் என்னைய கேக்காம எப்படி போகும், அதுக்கு எழுத்துல பதில் வேணும். பில்லுல கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-5 ஆயில்னு போட்டிருக்கு (ஜிஎல்-4, ஜிஎல்-5ங்குறது கியர் ஆயில் தரம்). பித்தளை சிங்க்ரோ ரிங்கு உள்ள இந்த பழைய பாக்ஸுக்கு ஜிஎல்-4தான் ஊத்தணும், ஜிஎல்-5ல இருக்குற கந்தக மருந்து பித்தளைய அரிக்க வாய்ப்பு இருக்கு, அத வடிச்சு உங்க செலவுல மாத்தி குடுக்கணும்.

15 நாளுக்குள்ள பதில் இல்லன்னா 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போடுவேன். குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கூட கிடையாது, மனு போட 2 வருஷம் டைம் இருக்குன்னும் விசாரிச்சு வச்சிருக்கேன்.

அரிச்சுப்போன ஷாஃப்டும் பேரிங்கும் என்கிட்ட பத்திரமா இருக்கு. உங்க டெக்னிக்கல் ஆள் யாராச்சும் வந்தா காட்டுறேன், வர்றதுக்கு முந்தின நாள் ஒரு போன் பண்ண சொல்லுங்க.

இப்படிக்கு,
ஜீப் ஓனர், பாலமேடு